ஒற்றைக் கொலுசும் ராட்டைக் கதிரும்

ஆடி மாதத்திலும் மார்கழி மாதத்திலும் கல்யாண போட்டோகிராபருக்கு வேலை இருப்பதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் சிறிய ஸ்டுடியோவில் அந்த நாட்களில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வருகிறவர்களைத் தவிர வேறு யாரும் படியேற மாட்டார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளாக அந்தக் காலியான மாதங்களில், தேவதைக் கதைகளில் வரும் பெண்களை மனத்தில் வைத்து உருவப்படத் தொடர் ஒன்றை எடுத்துவந்தேன். சேலத்திலும் ஏற்காட்டிலும் வாழும் ஏழு பெண்கள் அதில் இருக்கிறார்கள். படங்களை ஸ்டுடியோ சுவரில் மாட்டியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இளவரசி என்று சொல்லிவிட்டுக் கிரீடமும் இல்லை, கவுனும் இல்லை, இது எப்படி தேவதைக் கதை ஆகும்? வாய்ச்சொல்லாகப் பலமுறை பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் நானும் கவுனில்தான் தொடங்கினேன். மாறுவேடப் போட்டிக்கு உடை வாடகைக்குத் தரும் கடையிலிருந்து நீல நிறக் கவுன் ஒன்றை வாங்கி, என் பெரியம்மாவின் பேத்திக்கு அணிவித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவள் வாந்தியெடுக்காமல் கடக்க வேண்டுமே என்ற கவலையோடு ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நிற்கவைத்துப் படமெடுத்தேன். வெளிச்சம் அருமையாக இருந்தது, பெண்ணும் அழகி. ஆனால் வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது, வரவேற்புக்கு முன்பாக எடுக்கும் ஜோடிப் படங்களில் மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எறிந்ததுபோல் இருந்தது. உடை அவளை அணிந்துகொண்டிருந்தது. அந்த நாற்பது படங்களில் ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகுதான் கதைகளை ஒழுங்காக வாசிக்க உட்கார்ந்தேன். சிறுவயதில் அம்புலிமாமாவிலும் படப் புத்தகங்களிலும் பார்த்த முகங்களே என் நினைவில் இருந்தன, கதைகள் இல்லை. பிரெஞ்சுக்காரரான பெரோவின் தொகுப்பு 1697இல் வந்தது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812இல் வந்தது. அந்த முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாயே; 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சகோதரர்கள் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பெற்றவள் அப்படிச் செய்வாள் என்று அச்சில் போட அவர்களுக்கே கை வரவில்லை போலும். இதையெல்லாம் வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்தக் கதைகளின் பெண்கள் பெரும்பாலான பக்கங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். சாம்பல் அள்ளுகிறார்கள், நூல் நூற்கிறார்கள், தண்ணீர் சுமக்கிறார்கள், தண்டனைபோல் பயறு பொறுக்குகிறார்கள். சிண்டிரெல்லா என்ற பெயரிலேயே சாம்பல் இருக்கிறது. படப் புத்தகங்களோ அவர்கள் பார்க்கப்படும் கணத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன: நடன மண்டபத்தின் படிக்கட்டு, கோபுரத்தின் சன்னல், கண்ணாடிப் பேழை. நானும் அதே கணத்தைத்தான் தேடிக்கொண்டு லேடீஸ் சீட்டுக்குப் போயிருந்தேன்.

ஆகவே எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். கேமராவை வெளியே எடுக்காமல், படத்தில் உட்காரப்போகும் பெண்ணுக்குக் கதையை முழுவதுமாகத் தமிழில் சொல்லிவிட வேண்டும். கதையின் எந்த இடத்தில் தான் இருக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி என்னைப் படுத்திய பாட்டை இனிச் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் பெண்மணி ஒருவரை எனக்குப் பத்து ஆண்டுகளாகத் தெரியும். அவருடைய மகள் திருமணத்தை நான்தான் எடுத்தேன். சேலத்துக் கொலுசு என்று ஊரெல்லாம் சொல்லும் அந்தப் பொருள் ஒரே கையில் உருவாவதில்லை. கம்பி இழுப்பது ஒரு வீடு, வளையம் கோப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகேற்றுவது ஒரு வீடு என்று தெருத்தெருவாக நடந்துதான் அது காலுக்கு வந்துசேர்கிறது. அவர் பற்றவைப்பவர். சிண்டிரெல்லாவின் கண்ணாடிச் செருப்புக்குப் பதிலாக ஒற்றைக் கொலுசு என்று நான் தீர்மானித்துவைத்திருந்தேன். நள்ளிரவு, அரண்மனைப் படி, அவிழ்ந்து கிடக்கும் கொலுசு, ஓடுகிற பாதம் என்று படம் என் தலைக்குள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

கதையை அவர் பொறுமையாகக் கேட்டார். மூத்த சகோதரிகளில் ஒருத்தி செருப்பில் நுழைவதற்காகக் கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்வதாகக் கிரிம் கதையில் வருவதைச் சொன்னபோது, "அட பாவமே" என்றார். இளவரசன் ஊரிலுள்ள பெண்கள் காலிலெல்லாம் அதைப் போட்டுப் பார்க்கிறான் என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

"ஏங்க, அவனுக்குப் புத்தி இல்லையா? ஒத்தக் கொலுசு கையில இருக்குது. பட்டறைக்கு எடுத்துட்டுப் போனா, இது யாரு பத்த வெச்சது, யாருக்குக் குடுத்ததுன்னு அரை மணி நேரத்துல சொல்லிடுவோமே. ஊருப் பொண்ணுங்க காலையெல்லாம் எதுக்குத் தொடணும்?"

முந்நூறு ஆண்டுகளாக இந்தக் கதையை வாசித்தவர்கள் எத்தனையோ விளக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். பொருளைச் செய்தவரிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பற்றவைப்பதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு போக்கு உண்டாம். பொடி எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதை இணைப்பைப் பார்த்தாலே சொல்லிவிடலாமாம். பொடிவைத்து ஊதுவது என்று நாம் மறைபொருள் பேச்சுக்குச் சொல்கிறோமே, அதை அவர் நாள் முழுவதும் உண்மையாகவே செய்துகொண்டிருக்கிறார். ஆகவே அவர் தேர்ந்துகொண்ட கணம் கதையில் இல்லாத கணம். இளவரசனின் சேவகன் பட்டறை வாசலில் வந்து நிற்கிறான். அவர் சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்து ஒற்றைக் கொலுசைத் திருப்பிப் பார்க்கிறார். படத்தில் சேவகன் இல்லை. அவர் முகத்தில் ஒரு கண் லென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. மறு கண் பாதி மூடியிருக்கிறது. தமிழ் மண்ணில் ஒற்றைச் சிலம்பைக் கையில் எடுத்தவளின் கதை கல்யாணத்தில் முடியவில்லை என்பதும், அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்ததே வழக்கைத் தீர்த்தது என்பதும் அந்தப் படத்தை எடுத்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தன. அவருக்கு அது முன்பே உறைத்திருக்கலாம், கேட்கவில்லை.

தொழில் தெரிந்தவர்களுக்காக ஒரு குறிப்பு. வெள்ளியைப் படமெடுப்பது கண்ணாடியைப் படமெடுப்பதற்குச் சமம். எதிரில் இருப்பதையெல்லாம் அது தனக்குள் காட்டிக்கொள்ளும். கறுப்புச் சட்டையோடு நின்றால் கொலுசு கறுத்துவிடும். இரண்டு எட்டு முழ வேட்டிகளைக் கொடியில் கட்டி, வாசல் வெளிச்சத்தை அவற்றின் வழியே வடிகட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு நடுவில் இடம் விட்டு எடுத்தேன். அந்த வேட்டிகள்தான் கொலுசின் மீது பால்போல் படிந்திருக்கின்றன.

கதைப் பெண்களாகப் பெண்களை உட்காரவைத்துப் படமெடுப்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் தம்முடைய 48ஆம் வயதில் முதன்முதலாகக் கேமராவைக் கையில் வாங்கி, வீட்டில் வேலைசெய்த பெண்களைக் கன்னி மேரியாகவும் தேவதைகளாகவும் அமர்த்திப் படமெடுத்தார்; பின்னர் ஆர்தர் மன்னன் கதைகளையும் அவ்வாறே எடுத்தார். ரவிவர்மாவின் நாயகிகளுக்குப் பின்னாலும் உயிருள்ள பெண்கள் அமர்ந்திருந்தார்கள். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியே அந்த முகங்கள் நம் பூசை அறைகளுக்குள் வந்தன. அமெரிக்காவின் சிண்டி ஷெர்மன் 1985இல் தேவதைக் கதைகளின் அருவருப்பான பக்கத்தைத் தம் உடம்பிலேயே வேடமிட்டுக் காட்டினார். பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000க்கும் 2004க்கும் இடையில் தென்னிந்தியப் பெண்களின் பழைய படங்களைத் தம்மையே மாதிரியாக நிறுத்தி மீண்டும் படைத்தார். கனடாவில் வாழும் டினா கோல்ட்ஸ்டீன், கல்யாணத்துக்குப் பிந்தைய இளவரசிகளை எடுத்த தொடரில், நீண்ட கூந்தலுக்குப் பேர்போன ரபன்ஸல் மருத்துவமனைக் கட்டிலில் பொய்க்கூந்தலைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாள்.

இவர்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்தவர் கேமரூன்தான். அவருடைய கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் கேமரூன் அங்கே குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். கடைசி ஆண்டுகளில் அவர் அங்கே எடுத்த படங்களில் ஒன்றுக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்பதே தலைப்பு. இங்கிலாந்தில் அவர் முன் அமர்ந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்று நமக்குத் தெரியும்; அந்தப் பெண் மேரியாகவும் ஆனாள், வேறு பலராகவும் ஆனாள். களுத்துறைப் பெண்ணைக் கேமரூன் எந்தக் கதைக்குள்ளும் அழைத்துச் செல்லவில்லை. அவள் குடியானவளாகவே நின்றுவிட்டாள். நானும் காப்பித் தோட்டத்துக்குக் கேமராவோடு போகிறவள் என்பதால் இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் என்றதும் அம்மாப்பேட்டைப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான நெசவாளர் வீட்டுப் பெரியவர் அவர், வயது 78. சைக்கிள் சக்கரத்தில் செய்த ராட்டையில் இன்றும் தார் சுற்றுகிறார், அதாவது தறிக்கு வேண்டிய நூலைச் சிறு குழலில் ஏற்றுகிறார். நூறு ஆண்டு தூங்கிய இளவரசியின் கதைக்கு அவரைத் தவிர வேறு யாரையும் நான் நினைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கதையில் விரலில் குத்துவது ராட்டையின் கதிர் என்னும் கூரான கம்பிதான். கதையைச் சொன்னேன். சிரித்தார். "கதிர் குத்துனா வலிதான் கண்ணு வரும், தூக்கம் எங்க வரும்? இங்க தூங்கிப் போனா நூலு அறுந்து போகும்" என்றார்.

அன்று மதியம் மூன்று மணி. தெரு முழுவதும் விசைத்தறியின் சத்தம். முக்காலியில் கேமராவை வைத்து, சக்கரம் சுழல்வது மங்கலாகவும் முகம் தெளிவாகவும் வரவேண்டும் என்பதற்காகப் பதினைந்தில் ஒரு வினாடி என்று ஷட்டரை அமைத்து, தெர்மாகோல் அட்டையைச் சுவரில் சாய்த்து, அதைச் சரிசெய்து, இதைச் சரிசெய்து, நான் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பாட்டி கதிர்மேல் விரலை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தார். கை அப்படியே இருந்தது. தலை சற்றே சாய்ந்திருந்தது. சன்னல் வெளிச்சம் நெற்றிச் சுருக்கங்களில் நின்றது. யாரும் ஏற்பாடு செய்ய முடியாத படம். பதினோரு முறை ஷட்டரை அழுத்தினேன்.

எழுந்ததும் பெருமையோடு கேமராவின் திரையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது வேண்டாம் கண்ணு. கண்ணத் தொறந்திருக்கும்போது எடுத்தாத்தான் போட்டோ. மூடியிருக்கும்போது எடுத்தா அது வேற போட்டோ" என்றார்.

அவர் எந்தப் போட்டோவைச் சொல்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்தது. நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில், சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்தால், இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து மாலையிட்டு எடுக்கும் படத்துக்காக என் குருநாதரோடு விளக்கைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இந்தத் தூங்கும் அழகியின் கதையைப் பெரோவுக்கு முன்பே இத்தாலியில் பசீலே எழுதிவிட்டார். 1634இல் தொடங்கி அச்சான அவருடைய தொகுப்பில், காட்டு மாளிகையில் தூங்கிக்கொண்டிருப்பவளைக் காணும் அரசன் முத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. அவள் விழிக்காமலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். பால் தேடும் குழந்தை விரலைச் சப்பி அதில் குத்தியிருந்த சிராய்த் துண்டை உறிஞ்சி எடுத்த பிறகுதான் கண் திறக்கிறாள். பிற்காலத்தவர்கள் அதைத் துடைத்துத் துடைத்து ஒரு முத்தமாக்கிக் குழந்தைகளுக்குத் தந்தார்கள். இந்தக் கதையை முழுமையாகத் தெரிந்துவைத்திருந்த நான், தூங்குகிற பெண்ணைக் கேட்காமல் பதினோரு முறை எடுத்துவிட்டு, அதை நல்வாய்ப்பு என்று நினைத்தேன்.

பாட்டியின் எதிரிலேயே பதினொன்றையும் அழித்தேன். அழித்ததை இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன் என்பதை மறைப்பதற்கில்லை; என் கையால் எடுத்தவற்றில் அதைவிட நல்ல படம் வேறு இல்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன். இம்முறை அவர் தேர்ந்த கணத்தைச் சொன்னார்: கதிரில் விரல் படுவதற்கு முந்தைய நொடி. கண்கள் நேராக என்னைப் பார்க்கின்றன. கை, நூலையும் விடாமல் கதிரையும் தொடாமல் நடுவில் நிற்கிறது. ஷட்டர் வேகம் அதே பதினைந்தில் ஒரு வினாடிதான். அவர் முகம் அசையவே இல்லை. நிமிடக்கணக்கில் அசையாமல் அமரச் சொன்ன கேமரூனின் முன்னால் இந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தால் அந்த அம்மையாருக்குப் படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் வீணாகியிருக்காது.

ஏற்காட்டுச் சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைக் கடந்துதான் போக வேண்டும். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில்தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் உருவானது. 1956இல் வந்த அந்தப் படம் அலிபாபாவின் கதை என்பதும், ஆகவே தமிழ்த்திரையில் முழுவதும் வண்ணம் பூசிக்கொண்ட முதல் கதையே ஒரு தேவதைக் கதை என்பதும் எனக்குத் தனிப்பட்ட பெருமை. ஆயிரத்தோர் இரவுகளோடு இன்று சேர்த்துச் சொல்லப்பட்டாலும், அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிசில், அந்த இரவுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த கலானிடம் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று. கதைக்குப் பெயர் அலிபாபாவுடையது. காரியம் எல்லாம் மர்ஜியானாவுடையது. திருடர்கள் ஒளிந்திருக்கும் சாடிகளில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றியவள் அவள்தான். சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டிக்கார அக்காவிடம் இதைச் சொன்னேன். கணம் எது என்று யோசிக்கவே இல்லை. "எண்ணெய் காயுற நேரம். அப்பத்தான் யாரும் கிட்ட வரமாட்டாங்க" என்றார். மாலை ஏழு மணிக்கு அடுப்பு நெருப்பின் வெளிச்சத்திலேயே எடுத்தேன். வேறு விளக்கு எதுவும் வைக்கவில்லை.

ரபன்ஸல் என் சின்ன மாமியார். அவர் பழனியில் முடியிறக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. சூனியக்காரி கூந்தலை அறுத்துப் பாலைவெளிக்குத் துரத்திய பிறகு அவள் இரட்டைக் குழந்தைகளோடு வாழ்ந்தாள், அவளுடைய கண்ணீர் பட்டுத்தான் இளவரசனுக்குக் கண் தெரிந்தது என்று கிரிம் கதையில் வருவது அவருக்குப் பிடித்துப்போயிற்று. பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து, தன் சொந்த முடியில் இளமையில் கட்டிவைத்த சவுரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோல்ட்ஸ்டீனின் படத்துக்கும் இதற்கும் உறவு இருப்பது எனக்குத் தெரியும். அதை மறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் அங்கே கூந்தல் பறிபோனது. இங்கே அவரே மனமுவந்து கொடுத்தது. அந்த வேறுபாடு முகத்தில் தெரிகிறது என்று நம்புகிறேன்.

சிவப்பு முக்காட்டுச் சிறுமியாக ஏற்காட்டிலிருந்து தினமும் முதல் பேருந்தில் சேலத்துக் கல்லூரிக்கு இறங்கிவரும் ஒரு பெண்ணைக் கேட்டேன். மார்கழி மாதம், காலை ஆறு மணி, பேருந்து நிறுத்தத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. காட்டெருமை திரியும் மலை என்பதால் ஓநாய்க்குப் பதில் அதைப் பற்றிப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "காட்டெருமை அது பாட்டுக்குப் போகும் மேடம். ஓநாய் நல்லவன் மாதிரி வந்து பேசுதுல்ல? அப்ப அது பஸ்ஸுலதான் இருக்கும்" என்றாள். பெரோவின் கதையில் வேட்டைக்காரன் யாரும் வந்து காப்பாற்றுவதில்லை, சிறுமியை ஓநாய் தின்பதோடு கதை முடிந்துவிடுகிறது என்று நான் சொன்னதற்கு, தெரியும் என்பதுபோல் தலையசைத்தாள். சிவப்புச் சால்வையைக் கழுத்தருகே அவள் ஓர் ஊக்கால் குத்தியிருக்கிறாள். பார்க்கிறவர்களில் ஆண்கள் பனியைப் பாராட்டுகிறார்கள். பெண்கள் ஊக்கைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏற்காட்டுக்குப் படமெடுக்க வருகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். 1,500 மீட்டர் உயரத்தில் காலைப் பனி என்பது வானளவு பெரிய வெள்ளைத் துணி. நிழலே இல்லாத வெளிச்சம் தானாகக் கிடைக்கும். ஆனால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அந்த வெண்மையைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, சில சமயம் அதற்கும் சற்று மேல், கூட்டியே வைக்க வேண்டும். நிழல் இல்லாததால் முகம் தட்டையாகத் தெரியும். ஒரு பக்கம் கறுப்புப் போர்வையைப் பிடித்தால் கன்ன எலும்பு எழுந்துவரும். கறுப்புப் போர்வையைப் பிடித்தவர் நடத்துநர்.

மலைமேல் எடுத்த இரண்டாவது படம் இப்படிச் சுலபமாக வரவில்லை. நாட்டார் கதைகளைத் தொகுத்த கவிஞர் ஏ. கே. ராமானுஜன் கன்னட நாட்டில் சேகரித்த கதை ஒன்று உண்டு. ஏழைப் பெண் ஒருத்தி தன்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பூமரமாக மாறுவாள். பூக்களை நகம் படாமல் பறித்துக்கொண்ட பிறகு இரண்டாவது குடம் ஊற்றினால் மறுபடி பெண்ணாவாள். கல்யாணமாகிப் போன இடத்தில் நாத்தனார் தோழிகளோடு சேர்ந்து அவளை விளையாட்டாக மரமாக்கி, கிளைகளை முறித்துப்போட்டுவிட்டுப் போய்விடுவாள். கையும் காலும் இல்லாத முண்டமாக அவள் கிடப்பாள். காப்பிப் பூவை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதைக்கு ஏற்காடு ஏன் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கோடையின் முதல் மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் செடிகள் எல்லாம் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகைபோல் மணக்கும், மூன்று நான்கு நாட்களில் பழுப்பாகிவிடும்.

மஞ்சக்குட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலைசெய்யும் ஒரு தாய் எனக்காகக் காத்திருந்து, பூ விரிந்த அன்று காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். எனக்கு அன்றும் மறுநாளும் கல்யாணம். அதற்கடுத்த நாள் வரவேற்பு. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தபோது சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே செடிகளில் தேயிலைத்தூள் நிறத்தில் காய்ந்த சருகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் பையை மூடினேன். அவர் மூட விடவில்லை. கதையை அதற்கு முன்பே சொல்லியிருந்தேன்; அவர் அதைப் பல நாட்கள் மனத்தில் போட்டுப் புரட்டியிருக்கிறார்.

"பூ போனா என்னங்க? அந்தப் பொண்ணு பூவா இருந்தப்ப எல்லாரும் வந்தாங்க. ரெண்டாங் குடத்த ஊத்த ஆளிருந்துச்சா, அதுதானே கதை" என்றார். அவருக்கு மரமாகும் பெண்ணாக இருக்க விருப்பமே இல்லை. குடத்தைத் தூக்குகிறவராகத்தான் படத்தில் இருப்பேன் என்றார். மதியம் பெய்த மழைக்குப் பின் எழுந்த பனியில், பழுப்பேறிய பூக்களோடு நிற்கும் ஒரு காப்பிச் செடியின் அடியில் அவர் இரண்டாவது குடத்தைச் சாய்க்கிறார். முதல் குடம் காலருகே காலியாகக் கிடக்கிறது. பூவோடு நான் எடுத்திருந்தால் ஏற்காட்டுச் சுற்றுலா அட்டையாகப் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் படத்தின் கீழே, அவர் சம்மதத்தோடு, அவருடைய முழுப்பெயரையும் ஸ்டுடியோ சுவரில் எழுதியிருக்கிறேன். களுத்துறை என் மனத்தில் இருந்தது.

ஏழாவது படத்தை நான் திட்டமிடவே இல்லை. மற்ற படங்களைப் பார்த்த என் நாத்தனார், பெரும்பாலும் வெள்ளைக்காரர் கதையாக இருக்கிறதே, நல்லதங்காள் எங்கே என்று கேட்டார். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவளாக யாரையும் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. "நான் நல்லதங்காளாக வரேன்னு யார் சொன்னது அண்ணி? மூளி அலங்காரியா வரேன். உங்க வேஷத்த நான் போடறேன்" என்றார். வீடே சிரித்தது. பஞ்சத்தில் பிள்ளைகளோடு வந்த நாத்தனாருக்கு ஓட்டைச் சட்டியும் பச்சை வாழைமட்டையும் கொடுத்த அந்த அண்ணியை எங்கள் பாட்டி கதை சொல்லும்போது திட்டாமல் தாண்டியதில்லை. "அந்த வீட்டுக் குதிருக்குள்ள எத்தனை நாளைக்கு நெல்லு இருந்துச்சுன்னு எந்தக் கதையிலயாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் தேர்ந்த கணம், நாத்தனார் வருவதற்கு முன் குதிருக்குள் கையை விட்டு ஆழம் பார்ப்பது. வில்லி என்று யாரும் சொல்ல முடியாத முகம். நல்லவள் என்றும் சொல்ல முடியாது. இந்தத் தொடரில் பிறர் மிகக் குறைவாகப் பேசும் படம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

எல்லாவற்றையும் பளபளப்பில்லாத தாளில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல அளவில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியை அவரவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாப்பேட்டைப் பாட்டி தன் படத்தைப் பார்த்து, "கண்ணு தொறந்திருக்குது" என்று மட்டும் சொன்னார். செவ்வாய்ப்பேட்டைக்குக் கடைசியாகப் போனேன். அவர் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அலமாரியிலிருந்த லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, தன் முகத்தைத் தாண்டி, நான் கடையில் வாங்கிக்கொண்டு போயிருந்த அந்தக் கொலுசின் மேல் குனிந்தார்.

"மூணாவது வளையத்துல பத்த வெச்சது சரியா ஓடல பாருங்க" என்றார். "இது எங்க பட்டறை இல்ல. அடுத்த தடவ என்கிட்டச் சொல்லுங்க, நல்லதா ஒண்ணு தரேன்."